காசுக்கும் உறுதி வேண்டும்

தமிழ் மொழியிலே 'நாணயம்' என்னும் சொல் இருபொருள் தந்து நிற்கின்றது. கையிலே புரளும் காசும் நாணயம். மனிதனிடத்தே நாம் எதிர்பார்க்கும் நேர்மையும் நாணயம். காசென்பது வெறும் உலோகத் துண்டன்று. ஒருவர் வாக்கை மற்றொருவர் நம்புவதற்கு இடப்பட்ட அடையாளம் என்பதை இச்சொல் வழக்கு நமக்கு உணர்த்துகின்றது. அந்நம்பிக்கைக்குக் காவலாக நம் முன்னோர் ஒருவரை வைத்திருந்தனர். அவரே வண்ணக்கர். காசின் நிறையையும் மாற்றையும் நோட்டம் பார்த்து, இது நல்லது, இது தீயது என்று கூறுதலே அவர்தம் தொழில். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வடமவண்ணக்கன் தாமோதரனார் என்னும் சங்கப் புலவர்களின் பெயர்களிலே இத்தொழிற்பெயர் நிலைத்திருக்கின்றது. மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களிலே நிருவாகத் தலைவரை வண்ணக்கர் என்று அழைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகள் 'அன்றாடு நற்காசு' என்று பேசுகின்றன. காசுக்கு 'நல்ல' என்ற அடைமொழி வேண்டியிருந்ததெனின், அந்நாளிலே தீய காசும் நடமாடியது என்பது சொல்லாமலே விளங்கும்.

வண்ணக்கருடைய வாய்ச்சொல் எழுத்திலே பதிந்து கையொப்பத்தோடு வரும்போது அஃது அத்தாட்சிப் பத்திரம் ஆகின்றது. இக்காலத்திலே காசு சேர்ப்போர் பலர் உளர். காசின் அத்தாட்சிப் பத்திரங்களைச் சேர்ப்போர் மிகச் சிலரே. அவர்களைக் காணும் அன்பர்கள், "உமியைச் சேர்த்து அரிசியை விடுகின்றார்கள்" என்று நகைப்பதும் உண்டு. அந்நகைப்புப் பொருந்தாது என்பதும், நெடுங்கேணியிலே பிறந்து வளர்ந்த நமக்கு இப்பழக்கத்திலே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் இப்பத்திரங்கள் தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். பொய்க் காசு அடிப்பது பழைய தொழில். ஜெர்மனி நாட்டிலே 1772 முதல் 1830 வரை வாழ்ந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்பவர், கிரேக்க உரோமக் காசுகளுக்குத் தாமே அச்சு வெட்டி, கற்றோரும் மயங்கும்படி காசடித்தார். புதுக்காசின் பளபளப்பை மறைக்க, இரும்புத்தூள் நிரம்பிய பெட்டியிலே அவற்றை இட்டு, வண்டியிலே கட்டிக் குலுங்கக் குலுங்க ஓட்டிச் செல்வாராம். அவர் வெட்டிய அச்சுகள் பிற்காலத்திலே பேர்லின் நூதனசாலைக்குச் சேர்ந்தன. பொய்யையும் ஆவணமாகப் பேணினால் மெய்யை அறிய உதவும் என்பதற்கு அவை சான்று.

நம் வீடுகளோடு நெருங்கிய உதாரணம் பவுண் ஆகும். சீதனப் பேச்சிலே பவுண் என்னும் சொல் அடிபடாத தமிழ் வீடு ஈழத்தில் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், இத்தாலியிலும் லெபனானிலும் இங்கிலாந்துப் பவுண்கள் பொய்யாக அடிக்கப்பட்டன. அவற்றிலே பலவற்றில் பொன் குறையவில்லை. நிறையும் மாற்றும் ஏறத்தாழச் சரியாகவே இருந்தன. பொன்னின் விலைக்கு மேலாகப் பவுணுக்குச் சந்தையிலே கிடைத்த மிகுதி விலையே பொய்யர் பெற்ற இலாபம். தட்டாருடைய உரைகல்லிலே இத்தகைய பவுண் தோற்காது. பொன் மெய், காசு பொய் என்னும் இப்புதுமையை அறிய உரைகல் போதாது. பயின்ற கண்ணும், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மாதிரியும், நுணுக்குக்காட்டியும் வேண்டியனவாயின.

அமெரிக்காவிலே மற்றொரு வகைப் புரட்டு நடந்தது. 1909 ஆம் ஆண்டு வெளிவந்த லிங்கன் தலை பொறித்த ஒரு சதக் காசிலே, அதனைச் செதுக்கிய விக்டர் டேவிட் பிரென்னரின் பெயரெழுத்துகள் மூன்றும் பொறிக்கப்பட்டிருந்தன. இவ்வகைக் காசு பிலடெல்பியா அக்கசாலையிலே ஏறத்தாழ 2 கோடி 80 இலட்சம் அடிக்கப்பட்டது. சான்பிரான்சிஸ்கோ அக்கசாலையிலே அடிக்கப்பட்டவை 4,84,000 மட்டுமே. பின்னையதிலே ஆண்டெண்ணுக்குக் கீழே 'எஸ்' என்னும் சிற்றெழுத்து இருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு அவ்வோர் எழுத்தே. விலையிலோ மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. பொய்யர் செய்தது யாது? மலிந்த காசொன்றிலே அவ்வெழுத்தை நுணுக்கமாக ஒட்டினர். காசு மெய், எழுத்து ஒன்றே பொய்.

இத்தகைய புரட்டுகள் பெருகியமையால், 1891 இல் நிறுவப்பட்ட அமெரிக்க நாணயவியற் சங்கம், 1972 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே வாஷிங்டன் நகரில் அத்தாட்சிச் சேவை ஒன்றைத் தொடங்கியது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆனாக்ஸ்' என்று அதனை அழைப்பர். காசை அனுப்பினால் நிறை பார்ப்பர், சாரடர்த்தி அளப்பர், விளிம்பையும் எழுத்துகளையும் நுணுக்குக்காட்டியிலே ஆராய்வர். மெய்யென்று கண்டால், காசின் இருபுறத்தையும் நிழற்படம் எடுத்து, அப்படத்தோடு தொடரிலக்கம் இட்ட பத்திரம் ஒன்றை வழங்குவர். காசு தனியே, பத்திரம் தனியே உரியவரிடம் திரும்பிச் செல்லும். 1976 இல் இச்சேவை கொலராடோ மாநிலத்துக்கு மாறியது. 1979 மார்ச்சு மாதம் முதல், மெய்யா பொய்யா என்பதோடு காசின் தரத்தையும் குறிக்கத் தொடங்கினர். முகப்புக்கு ஒரு தரம், மறுபுறத்துக்கு ஒரு தரம் எனத் தனித்தனியே எழுதினர்.

இம்முறையிலே ஒரு குறை இருந்தது. காசும் பத்திரமும் வேறு வேறாய் இருந்தமையால், நல்ல காசுக்குப் பெற்ற பத்திரத்தைத் தரங்குறைந்த காசோடு சேர்த்து விற்றோர் உளர். நிழற்படத்தை நிதானமாக ஒப்பிட்டுப் பார்ப்பவர் ஏமாறார், பாராதவர் ஏமாந்தனர். ஆகவே, 1986 முதல் தனியார் நிறுவனங்கள் காசைப் பிளாஸ்டிக் உறைக்குள்ளே இட்டு மூடி, தரத்தை உறையின் மீதே அச்சிட்டு வழங்கலாயின. ஆனாக்ஸும் 1989 இல் இவ்வழியைப் பின்பற்றியது. அடுத்த ஆண்டிலே அச்சேவை தனியார் கைக்கு மாறியது. வாணிகத்துக்குப் பிளாஸ்டிக் உறை வசதியானதுதான். ஆயினும் அதனால் விளைந்த நட்டம் ஒன்றுண்டு. பழைய பத்திரத்தோடு இருந்த காசுகளை உறையிலிடக் கொடுத்தபோது, "இனி இக்கடதாசி எதற்கு?" என்று பலர் பத்திரத்தைக் குப்பையிலே இட்டனர். இன்று அவ்வாறு தப்பிய பத்திரங்களைத் தேடிச் சேர்ப்போர் ஆங்காங்கே தோன்றியுள்ளனர்.

கனடாவிலே வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் அத்தகைய பத்திரங்கள் சிலவற்றை எனக்கு அனுப்பியிருந்தார். அவற்றுள் ஒன்றுக்கும் காசு இல்லை. கறுப்பு வெள்ளைப் படங்களும், தட்டெழுத்தாலான சில வரிகளும், ஒரு கையொப்பமுமே உள. ஆயினும் அவற்றைப் பார்க்குந்தோறும் பயன் தோன்றுகின்றது. ஒரு காசு இன்ன ஆண்டிலே இன்ன நிலையில் இருந்தது என்பதற்கு அப்படமே சாட்சி. பின்னர் யாரேனும் அக்காசைத் தேய்த்து மெருகிட்டாலும், துளையை அடைத்தாலும், கீறலை மறைத்தாலும், படத்திலே உள்ள காசு மாறாது. களவுபோன காசு வேறொருவர் கையிலே தோன்றினாலும், அதன் ஒவ்வொரு வடுவும் படத்திலே இருப்பதால் அடையாளங் காணலாம். உலகெங்கும் பழம்பொருள் வாணிகம் 1970 ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கைக்குப் பின்னர் கண்டிப்பான கண்ணோடு நோக்கப்படுகின்றது. ஒரு பொருள் எந்த ஆண்டிலே எவரிடம் இருந்தது என்று காட்டும் பழைய தாளுக்கு இந்நாளிலே தனி மதிப்பு உண்டு. இவ்வளவும் உமியின் பயனென்றால், அவ்வுமி அரிசியைக் காப்பாற்றிய உமி என்றே கொள்ளல் வேண்டும்.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். "பத்திரம் என்பது ஒருவர் அபிப்பிராயந்தானே? இன்று ஒரு தரம் எழுதியவர் நாளை வேறொரு தரம் எழுதுகின்றார். நிபுணரும் தவறுவர். தவறிய அபிப்பிராயத்தைப் பெட்டியிலே பூட்டி வைப்பதால் யாது பயன்?" என்பர். இவ்வாதம் வலியுடையது, புறக்கணிக்கத் தக்கதன்று. 1979 இல் ஒரு தரம் பெற்ற காசு பிற்காலத்திலே வேறொரு தரம் பெற்ற நிகழ்ச்சிகள் உண்மையே. ஆயினும், அபிப்பிராயம் மாறியது என்று நாம் அறிவது எதனால்? முந்திய அபிப்பிராயம் எழுத்திலே இருப்பதனாலன்றோ? எழுதாத தவறு திருந்துவதில்லை. எழுதப்பட்ட தவற்றையே பின்வந்தவர் திருத்த முடியும்.

இதற்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே தக்க சான்று உண்டு. ஒருபுறம் நின்ற மனித உருவும், மறுபுறம் படுத்திருக்கும் நந்தியும், அதன் கீழே 'சேது' என்ற தமிழ்ச் சொல்லும் பொறித்த செப்புக் காசுகளை நம்மவரிற் பலர் கண்டிருப்பர். 'சேது' என்ற சொல்லைக் கண்ட முற்காலத்து ஆராய்ச்சியாளர், இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசுகள் என்று கருதினர். அக்கருத்து எழுத்திலே வந்தமையால் அதனை மறுக்கவும் முடிந்தது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1920 இல் எழுதிய கட்டுரையிலே, இவை யாழ்ப்பாணத்து மன்னர்களின் மறக்கப்பட்ட நாணயங்கள் என்று நிறுவ முற்பட்டார். கேகாலைப் பகுதியிலுள்ள கோட்டகமக் கல்வெட்டு ஆரியச்சக்கரவர்த்தி ஒருவரைப் பாடுவது. அதன் தொடக்கத்திலும் 'சேது' என்னும் மங்கலச் சொல் உண்டு. நந்தியோ அம்மன்னர்களின் இலச்சினை. கொட்றிங்ரன் 1924 இல் கொழும்பு நூதனசாலை வெளியீடாக வந்த தமது இலங்கை நாணய நூலிலே இக்காசுகளை யாழ்ப்பாண மன்னர்க்கே உரியனவாகக் கொண்டார். முதலியார் செ. இராசநாயகமும் 1926 இல் வெளிவந்த தமது பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலிலே இக்கருத்தை ஆதரித்தார். ஓர் அரசின் காசு அவ்வரசுக்கே மீண்டது. மீட்டவை ஏடும் எழுத்துமே. காசு தன் வாயைத் திறக்கவில்லை.

இனி நமக்குரிய பாடத்துக்கு வருவோம். அமெரிக்கப் பத்திரம் ஒரு கேள்விக்கே விடை கூறுகின்றது: "இக்காசு மெய்யா?" அந்நாட்டுக் காசுக்கு அது போதும். அதிலே ஆண்டு பொறித்திருக்கின்றது. அடித்த நகரத்தின் எழுத்தும் பல காசுகளிலே பொறித்திருக்கின்றது. எத்தனை அடித்தார்கள் என்ற கணக்கும் அக்கசாலைப் புத்தகத்திலே கிடைக்கின்றது. அக்காசு எவர் வீட்டுக் கூரையிலே கிடைத்தாலும் அதன் சரித்திரம் குறையாது.

நம் நாட்டுப் பழங்காசின் நிலை அதுவன்று. சேதுக் காசிலே ஆண்டு இல்லை. அடித்த ஊரின் பெயர் இல்லை. எந்த மன்னன் அடித்தான் என்பதும் இல்லை. சோழர் வழியிலும் சிங்கள மன்னர் வழியிலும் வந்த, நின்ற மனிதனும் இருந்த மனிதனும் பொறித்த செப்புக் காசுகளிலே மன்னன் பெயர் இருந்தாலும் ஆண்டும் ஊரும் இல்லை. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளுக்குரிய உரோமச் செப்புக் காசுகளும், அவற்றைப் பார்த்து இந்நாட்டிலேயே செய்யப்பட்ட போலிகளும் இலங்கையிலே ஏராளமாகக் கிடைத்துள்ளன. அப்போலிகள் ஏமாற்றுவதற்காக இன்று செய்யப்பட்டவை அல்ல. அக்காலச் சந்தையிலே சில்லறையாக வழங்கியவை. அவற்றை "மெய்யா, பொய்யா" என்று மட்டும் கேட்டால் விடையே குழம்பிவிடும். ஆகவே, நம் காசுக்கு இரண்டாவது கேள்வி இன்றியமையாதது: "எங்கே கிடைத்தது?" எந்தக் குளத்தின் கட்டிலே, எந்த வயலிலே, எத்தனை அடி ஆழத்திலே, எவ்வோட்டுத் துண்டுகளோடு, எத்தனை காசுகளோடு சேர்ந்து கிடைத்தது என்பதே அதன் பாதிச் சரித்திரம்.

கந்தரோடையை நோக்குக. போல் ஈ. பீரிஸ் 1917 முதல் 1919 வரையுள்ள ஆண்டுகளிலே அவ்விடத்தை ஆராய்ந்து, அங்கே கிடைத்த பழங்காசுகளையும் பிற பொருள்களையும் இன்ன இடத்தவை என்று எழுதி வெளியிட்டார். அதனாலேயே, யாழ்ப்பாணக் குடாநாடு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் வாணிகத்திலே பங்குகொண்டது என்று நாம் துணிந்து பேச முடிகின்றது. தென்னிலங்கையிலே அக்குறுகொடையில் கிடைத்த பிராமி எழுத்துப் பொறித்த ஈயக் காசுகளையும் நோக்குக. ஒஸ்மண்ட் போப்பாராச்சியும் ராஜா விக்கிரமசிங்கவும் 1999 இல் அவற்றை நூலாக வெளியிட்டனர். அவற்றிலே உள்ள பெயர்களை எவ்வாறு வாசிப்பது என்பதிலே அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும், அவை அம்பாந்தோட்டைப் பகுதியிலே கிடைத்தவை என்ற ஒரு செய்தி இல்லையாயின், அவ்வாதத்துக்கே இடமில்லை. அவை பெயர் தெரியாத ஈயத் துண்டுகளாகவே கிடந்திருக்கும்.

வன்னி நிலம் குளங்களின் நிலம். ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டைப் படிப்போர், காடு மூடிய குளக்கட்டுகளும் இடிபாடுகளும் இப்பகுதியெங்கும் எவ்வளவு செறிந்திருந்தன என்பதை அறிவர். புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணி வழியாக முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியின் இருமருங்கிலும் குளமும் வயலும் காடும் மாறி மாறி வருகின்றன. குளக்கட்டுத் திருத்தும்போதும், துருசு வைக்கத் தோண்டும்போதும், வயல் உழும்போதும் பழங்காசு வெளிப்படுவது நம்மவர்க்குப் புதிதன்று. வெளிப்பட்டபின் அதற்கு நேர்வது யாது? சில தட்டார் உலையிலே உருகும். சில பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகும். சில வாணிகர் கைக்குச் சென்று ஊரை மறந்துபோகும். புதையல் தேடி இரவிலே தோண்டுவோர் செய்யும் கேடு இவற்றினும் பெரிது. அவர்கள் காசை மாத்திரம் எடுத்துச் செல்வதில்லை. அது கிடந்த மண்ணின் அடுக்கையே குலைத்துவிடுகின்றனர்.

பேணியவர் இல்லாமலும் இல்லை. யான் அறிந்த ஒரு குடும்பத்தின் தலைவர், பல ஆண்டுகளாகச் செப்புக் காசுகளைப் பார்த்தும் கேட்டும் சேர்த்தவர். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசி உறையிலே இட்டு, கிடைத்த குளத்தின் பெயர், கொடுத்தவர் பெயர், நாள் மூன்றையும் முத்துமுத்தான எழுத்திலே எழுதி வைத்திருந்தார். எந்த நிபுணரும் அவருக்குப் பத்திரம் வழங்கவில்லை. அவ்வுறைகளே அக்காசுகளின் அத்தாட்சிப் பத்திரங்கள். இறுதிப் போர்க்காலத்திலே, 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஊரை விட்டு அகல நேர்ந்தபோது, அவற்றையெல்லாம் பால்மாத் தகரம் ஒன்றிலே இட்டு வளவிலே புதைத்துச் சென்றனர். மீள்குடியேறிய பின் பிள்ளைகள் தோண்டி எடுத்தனர். காசுகள் இருந்தன, மழைநீர் புகுந்து உறைகள் கூழாகிவிட்டன. அப்பெரியவரும் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். விடயம் அறிந்த ஒருவரிடம் மகன் காசுகளைக் காட்டியபோது, "எல்லாம் மெய்க் காசுகளே, ஆனால் எந்த ஊர்க் காசு என்று இனி எவராலும் சொல்ல இயலாது" என்றாராம். வாழ்நாள் முழுவதும் ஒருவர் செய்த பணியிலே மிஞ்சியது உலோகம், மாண்டது அறிவு.

இவ்விழப்பின் தன்மையை நம்மவர்க்கு விளக்கவேண்டிய தேவையில்லை. காணி இருந்தும் உறுதி இல்லாதவன் படும் பாட்டை வன்னியிலே அறியாதார் யார்? அனுமதிப்பத்திரம் தொலைந்தமையால் தன் கையாலே காடு வெட்டிக் கழனியாக்கிய நிலத்தையே தன்னுடையதென்று நிறுவ முடியாமல், கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்த குடும்பங்கள் எத்தனை? 2009 இல் எல்லாவற்றையும் கைவிட்டு நடந்த மக்கள், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் காணி உறுதியையும் பொலித்தீன் பையிலே சுற்றி மார்போடு அணைத்துச் சென்றனர். கடதாசியின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஒற்றைப் பிரதியாய் இருந்த ஏடு எரிந்தால் அது மீளாது என்பதைத் தமிழுலகம் முழுவதும் அறிந்துகொண்டது. காணிக்கு உறுதி எவ்வாறோ, பழங்காசுக்கு அது கிடைத்த இடத்தைக் கூறும் தாள் அவ்வாறே. காணிக்கு நாம் அறிந்த நியாயத்தைக் காசுக்கும் அறிவோமாக.

சட்டம் கூறுவதையும் இங்கே நினைவூட்டல் கடன். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்துள்ளே கண்டெடுக்கப்படாது கிடக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது. கண்டெடுத்தவர் அதனை அறிவித்தல் வேண்டும். 1815 ஆம் ஆண்டு மார்ச்சு 2 ஆம் நாளுக்கு முற்பட்டவற்றைச் சட்டம் தொல்பொருளாகக் கொள்கின்றது. அனுமதியின்றி அவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்லலாகாது. 1998 இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. அறிவித்தால் காசு கையை விட்டுப் போய்விடும் என்று அஞ்சியே பலர் மறைக்கின்றனர். மறைத்த காசு ஊரையும் மறைக்கின்றது. ஆகவே இருவகையாலும் நட்டமே. இங்கிலாந்திலே 1997 முதல் நடைபெறும் தொல்பொருட் பதிவுத் திட்டத்திலே, பொதுமக்கள் கண்டெடுத்த பொருளைப் பதிவு அலுவலரிடம் காட்ட, அவர் இடத்தையும் நாளையும் படத்தையும் பதிந்துகொண்டு, சட்டப்படி அரசுக்குச் சேரவேண்டியதல்லாத பொருளை உரியவரிடமே திருப்பிக் கொடுக்கின்றார். அத்தகைய நம்பிக்கையான வழி நம் நாட்டிலும் அமைதல் வேண்டும் என்று கேட்பது குற்றமன்று. அது வரும்வரை எழுதாமல் இருப்பதே குற்றம்.

ஆகவே, நம் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு யோசனையை இவ்விழா மலரின் வாயிலாக முன்வைக்கின்றேன். காசு சேர்க்கும் சங்கமொன்றை அமைப்போம் என்று கூற வரவில்லை. அது சட்டச் சிக்கலையும், போட்டியையும், கள்வரையும் வருவிக்கும். நாம் சேர்க்கவேண்டியது தாள்களை மட்டுமே. நம்மவர் வீடுகளிலே, இங்கும் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும், பழங்காசு பற்றிய எத்தனையோ தாள்கள் கிடக்கக்கூடும். வெளிநாட்டுச் சங்கங்கள் வழங்கிய பழைய அத்தாட்சிப் பத்திரம், நூதனசாலைக்கு எழுதிய கடிதத்துக்கு வந்த மறுமொழி, காசு இட்டிருந்த உறை, வாங்கிய பற்றுச்சீட்டு, ஆசிரியர் ஒருவர் மாணவரோடு சென்று எடுத்த நிழற்படம் ஆகிய எதுவாயினும் ஆகுக. காசு இல்லாத பத்திரமும் வேண்டும். தவறான அபிப்பிராயம் எழுதிய பத்திரமும் வேண்டும். உரியவர் மூலப்பிரதியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். சங்கத்துக்குத் தெளிவான பிரதியொன்று தந்தாற் போதும்.

இனிமேல் கிடைக்கும் காசுக்கு, நாமே ஒரு பத்திரம் எழுதும் வழக்கத்தை மாணவரிடையே உண்டாக்குதல் வேண்டும். அதற்கு நிபுணர் வேண்டியதில்லை. அளவுகோலும் கைத்தொலைபேசியும் போதும். இருபுறத்தின் படம், படத்திலே அளவுகோல், நிறை, கிடைத்த இடம், கிடைத்த நாள், ஆழம், உடன் கிடைத்தவை, கண்டவர் பெயர், எழுதியவர் கையொப்பம் என்னும் இவையே அப்பத்திரத்தின் உறுப்புகள். காசைக் கழுவவும் தேய்க்கவும் கூடாது; பச்சைக் களிம்பும் அதன் வயதுக்குச் சாட்சியே. கிடைத்த இடத்தை மேலும் தோண்டவும் கூடாது. எழுதியபின் காசைச் சட்டப்படி தொல்பொருட் டிணைக்களத்துக்கு அறிவித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே தொல்லியல் கற்பிப்போரிடமும் பிரதியைக் கொடுத்தல் நன்று. காசு எங்கே சென்றாலும் அதன் ஊர் அதனோடு செல்லும்.

பிரதிகள் மூன்றாக இருத்தல் வேண்டும். ஒன்று கல்லூரி நூலகத்திலே. ஒன்று கொழும்பிலோ வேறு மாகாணத்திலோ. ஒன்று கடல் கடந்து. ஓரிடத்திலே வைத்தது ஒரே நாளிலே அழியும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் உலகில் எவர்? கிடைத்த இடங்களை நுணுக்கமாகக் குறித்த தாள்களை மட்டும் எல்லோருக்கும் பகிரங்கப்படுத்தாது, ஆராய்வோர்க்கே காட்டுதல் தகும். இன்றேல், நாம் எழுதும் பதிவேடே புதையல் தோண்டுவோர்க்கு வழிகாட்டியாகிவிடும்.

"பசியும் வேலையின்மையும் உள்ள ஊரிலே இதற்கென்ன அவசரம்?" என்று கேட்போர்க்கு ஒன்று கூறுவேன். இதற்குச் செலவு சொற்பம், காலந்தான் குறைவு. அக்காலத்துக் காசுகளைக் கண்டவர்களும், எந்தக் குளத்திலே எது கிடைத்தது என்று சொல்லக்கூடியவர்களும் முதுமை எய்தி ஒவ்வொருவராக மறைகின்றனர். புதிய குளக்கட்டும் புதிய வீதியும் பழைய மண்ணைப் புரட்டிக்கொண்டிருக்கின்றன. வன்னியின் சரித்திரத்தைப் பிறர் எழுதுகின்றனர் என்று நாம் வருந்துவதுண்டு. எழுதுவதற்கு வேண்டிய சான்றைக் கைவசம் வைத்திருப்பவன் சொல்லே அவையிலே ஏறும். வருத்தம் மட்டும் ஏறாது.

ஐந்து அங்குலத் தாளொன்றிலே ஊரும் நாளும் எழுதிக் கையொப்பம் இடுவது பெரிய வித்தையன்று. நம் கல்லூரியிலே முதல் வகுப்பிலேயே கற்ற வித்தை அது. இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு றங்குப்பெட்டியை ஒருமுறை திறந்து, பழைய உறைகளையும் பத்திரங்களையும் பார்த்து, எதனையும் எறியாமல் எடுத்து வைப்பாராக. மூத்தோர் இருப்பின் அவரருகே இருந்து, அவர் சொல்வதை இன்றே எழுதிக்கொள்வாராக. அடுத்த விழா மலர் வெளிவரும் நாளிலே, காசுகளின் பட்டியலன்றி, ஊர்களின் பட்டியலொன்றை அதிலே அச்சிட முடியுமாயின், இக்கட்டுரை எழுதிய பயன் கைகூடியதாகும்.